பண்டிகை நாளில் பணியில் இருப்பவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி வந்தால் டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் வாழ்த்துப் படங்கள் வாட்ஸ்அப்பில் குவிகின்றன. அன்று அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்பவர் குறைவு. 2022 தீபாவளிக்கு முந்தைய நாள், நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள் கிளம்பின. விண்வெளி எக்ஸ்-கதிர்களை ஆராயும் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் கிளம்பியது 2024 ஜனவரி 1 காலையில். அங்கே வேலை செய்தவர்களுக்கும் வாசலில் கோலம் போடும் வீடு இருந்திருக்கும்.

என் மகள் பயிற்சி மருத்துவர். போன தீபாவளிக்கு இரவுப் பணி. கொடுத்தனுப்பிய அதிரச டப்பா மறுநாள் திறக்காமலே திரும்பி வந்தது. பட்டாசுக் காயத்தில் பேனா மையும் பற்பசையும் பூசிக்கொண்டு வருகிறவர்களுக்கு, முதலில் அதைத் துடைத்தெடுக்கவே நேரம் போகிறதாம். புண் எவ்வளவு ஆழம் என்பதே தெரிவதில்லையாம்.

பண்டிகைப் பணி என்றாலே "கல்யாணமாகாத பிள்ளைதானே" என்று இளையவர்கள் தலையில் கட்டுவதும் நடக்கிறது. (மாமியார் வீட்டுத் தலைதீபாவளிக்கு மட்டும் உடனே லீவு கிடைக்கும்!) சுழற்சி முறையில் பட்டியல் போட்டு, ஒரு மாதம் முன்பே ஒட்டினால் என்ன?

வாழ்த்து அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீக்காயம் பட்டால் எதையும் பூசாமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி