முன்பணமும் ஒரு சின்னக் கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில், புதுக் கார் வாங்குகிறவர்களுக்கான யோசனைகளுக்கு நடுவில் ஒரு வரி வந்திருந்தது: 'முன்பணம் கட்டிவிட்டால் கார் உங்களுடையது, அப்புறம் நிம்மதியாக இருக்கலாம்.' இதை வீட்டில் சத்தம் போட்டுப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கட்டியவன் நான்.

அந்த நிம்மதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்களும் கார் வாங்கியவர்தான். தலையங்கத்தில் அதன் டயரைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை பத்திரிகை ஆசிரியர் என்றால் ஷோரூமில் வேறு மரியாதையோ என்னவோ. எங்களைப் போன்றவர்களுக்கு நடப்பதைச் சொல்கிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் கருநீலத்தில் ஒரு கார் நின்றது. விற்பனைப் பையன் மிகவும் பணிவானவன். "ரெண்டே வண்டிதான் சார் இருக்கு. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வராங்க" என்றான். இந்த இன்னொரு பார்ட்டியை எனக்கு நெடுநாளாகத் தெரியும். வீடு பார்க்கப் போனபோது வந்தார், ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது வந்தார். ஒருமுறைகூட அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்குப் பயந்து அங்கேயே கார்டைத் தேய்த்தேன்.

ரசீது கைக்கு வந்தது. மாடல், வேரியன்ட், நிறம் எல்லாம் எழுதியிருந்தது. 'சாஸி எண்' என்ற கட்டத்தில் மட்டும் பையன் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தான். "அது என்னப்பா?" என்று கேட்டேன். "வண்டி அலாட் ஆனதும் ஃபில் பண்ணிடுவோம் சார்." டெலிவரி தேதியின் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும். ஊதா மையில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது, தேதி தெரியவில்லை.

இந்தச் சாஸி எண்ணைப் பற்றி உங்கள் பக்கம் ஒரு வார்த்தை எழுதியதில்லை. பெரும்பாலான நாடுகளில் அது எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடங்கள் கொண்டது. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. ஒரு காரை இன்னொரு கார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதென்று அவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள். என் ரசீதில் அதற்குப் பதில் ஒரு கோடு. அப்படியானால் நான் பணம் கொடுத்துப் பிடித்தது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். அந்த வரிசை எவ்வளவு நீளம், நடுவில் யார் யார் நுழைகிறார்கள் என்பதெல்லாம் ஷோரூமுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

பணம் கட்டும்வரை பையன் நாளுக்கு மூன்று தடவை கூப்பிட்டான். கட்டிய பிறகு நான் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் ஆறு வாரமானது. அதற்குள் என் பழைய காரை விற்றுவிட்டேன். இதுவும் உங்கள் உபயம்தான். 'புதுக் கார் கைக்கு வருமுன்பே பழையதை விற்றால் நல்ல விலை கிடைக்கும்' என்று போன வருடம் இதே பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல விலைதான் கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. அதில் பாதியை வாடகைக் காருக்குக் கொடுத்தேன். கடைசியில் மைத்துனரிடம் கார் இரவல் கேட்கும் நிலைமைக்கு வந்து, ஒவ்வொரு முறை சாவியைக் கொடுக்கும்போதும் "உங்க வண்டி எப்போ வருது அத்தான்?" என்ற கேள்வியையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

ஆறாவது வாரம் மேனேஜரே பேசினார். நீலம் இப்போது தயாரிப்பில் இல்லையாம், வெள்ளை என்றால் நாளைக்கே தரலாமாம். சரி என்றேன்; வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அப்புறம் அந்த வெள்ளைக்கும் ஒரு வரிசை இருப்பது தெரிந்தது. அவர்கள் கைகாட்டும் இடத்தில் கடன் எடுத்தால் முன்னுரிமை, ரொக்கம் என்றால் "கொஞ்சம் டைம் எடுக்கும் சார்". தரைவிரிப்பு, சீட் கவர், பெயின்ட் மேல் பூசுகிற ஏதோ ஒரு கோட்டிங் எல்லாம் சேர்ந்த பேக்கேஜை எடுத்தவர்களுக்கு அதற்கும் மேலான முன்னுரிமை. இதற்கிடையில் விலையும் ஏறியிருந்தது. எப்படி என்று கேட்டால், மேனேஜர் என் ரசீதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். 'டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்' என்று வெளிர்சாம்பல் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்தால் படிக்கலாம்.

அன்று வெளியே வரும்போது வாசலில் ஒரு கருநீலக் கார் மாலை மரியாதையோடு கிளம்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பார்ட்டி நிஜமாகவே இருந்திருக்கிறார்! அவரைத்தான் இத்தனை வருடமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ரத்து செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். 'கேன்சலேஷன் சார்ஜ்' பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம். வராதது அவர்களுடைய கார், பிடித்தம் என்னுடைய பணத்தில். அந்த மீதியிலும் ஒரு பகுதிதான் வந்திருக்கிறது. மற்றது 'ப்ராசஸில்' இருக்கிறது. பணத்தை வாங்க அவர்களுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது, கார்டைத் தேய்த்ததோடு சரி.

சட்டம் படித்த என் அண்ணன் மகளிடம் ரசீதைக் காட்டினேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி காட்டியிருக்கணும் சித்தப்பா" என்றாள். இதைச் சொல்லச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் சொன்ன இன்னொன்று மனதில் நின்றுவிட்டது. 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1590-வது பிரிவு என்று ஒன்று. அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. அச்சாரத்தைப் பெற்றுக்கொண்டவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் என்ற பேரரசர் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே இது இருக்கிறதாம். கார் என்ற ஒன்று வருவதற்கு ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பே, கயிற்றின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. என் ரசீதின் பின்பக்கத்தில் மொத்தம் 14 நிபந்தனைகள், எண்ணிப் பார்த்தேன். 13 என்னைக் கட்டுகின்றன. பதினான்காவது, அச்சுப்பிழைகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்லாவைப் பாராட்டாமல் உங்கள் வாகனப் பக்கத்துக்கு ஒரு மாதம் போகாது. 2016 மார்ச் 31 அன்று மாடல் 3-ஐ மேடையேற்றினார்கள். ஒரு வாரத்தில் மூன்றேகால் லட்சம் முன்பதிவு, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலர். 'மக்கள் வைத்த நம்பிக்கை' என்று எழுதினீர்கள். இருக்கட்டும். வேண்டாம் என்றால் அந்த ஆயிரம் டாலரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதல்லவா அதில் செய்தி? அதைத்தான் கட்டுரையில் காணோம். மறுவருடம் ஜூலையில் முதல் 30 கார்கள் கைமாறின. அதே 2017 நவம்பரில் புது ரோட்ஸ்டர் என்ற காரைக் காட்டி, 2020-ல் வரும் என்று சொல்லி, 50,000 டாலர் முன்பணம் கேட்டார்கள். 2020 வந்தது, போனது. கார் வரவில்லை. அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் நான் ஒன்றும் படித்த ஞாபகம் இல்லை.

சரக்கு இல்லையென்றால் இல்லையென்று சொல்லட்டும், யார் கோபிக்கப்போகிறார்கள்? சிப் தட்டுப்பாட்டின்போது, 2022-ல், டொயோட்டா ஜப்பானில் இரண்டு ஸ்மார்ட் சாவிக்குப் பதிலாக ஒரு ஸ்மார்ட் சாவியும் ஒரு சாதாரணச் சாவியும்தான் தருவோம், இன்னொன்றைப் பிற்பாடு தருகிறோம் என்று ஊரறியச் சொன்னது. என்னிடமும் அப்படி யாராவது பேசியிருந்தால் ஆறு மாதம்கூடக் காத்திருந்திருப்பேன்.

'வாங்கி மூன்று நாளுக்குள் மனம் மாறினால் பணம் வாபஸ், இது உலக நடைமுறை' என்றும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு விதி உண்டுதான். அது வீடு தேடி வந்து விற்கிறவர்களுக்காகப் போட்டது. நாமே ஷோரூமுக்கு நடந்துபோய் வாங்குகிற காருக்குப் பொருந்தாது. இதைச் சுட்டிக்காட்டி அப்போதே நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் 'தங்கள் வாகனப் பக்கம் பயனுள்ளதாக இருக்கிறது' என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டுக் கௌரவித்தீர்கள். எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க ஷோரூம் விளம்பரம் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது, எனக்குத் தெரியும்.

இப்போது நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, முன்பணம் கட்டுகிறவர்கள் ரசீதில் சாஸி எண்ணும், கார் வரவேண்டிய கடைசித் தேதியும், ரத்தானால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டட்டும் என்று போடுங்கள். மூன்று வரி போதும். இடம் இல்லையென்றால் குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே போட்டாலும் சரி, எங்கள் வீட்டில் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பெயரும் ஊரும் இந்தமுறை வேண்டாம். என் பணத்தில் ஒரு பங்கு இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

தங்கள்,
நெடுநாள் வாசகன்

பி.கு.: ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். ஸ்டாம்புக்கு அடியில் இருக்கிற தேதியைப் பிழைதிருத்துகிற உங்கள் நண்பர்கள் யாராவது படித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் 3 என்கிறார், ஒருவர் 8 என்கிறார்.