மணி அடிக்காத ஊரில் செபம்

தோஹா, கத்தார்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தோத்திரம். இங்கே சுகம். அம்மாவின் முட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டு.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். கோயிலில் எல்லாரோடும் சேர்ந்தால் செபம் வருகிறது, தனியே இருந்தால் ஒன்றும் ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே வருகிற நம்ம ஊர்க்காரர் பலருக்கும் இதே பாடுதான். நம்ம ஊர் முட்டத்தில் செபத்துக்கு நேரம் குறிக்கிற வேலை நமக்கு இல்லை. மணி, சாயங்காலக் குடும்ப செபமாலை, பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கிற அன்பியம், ஒன்பது நாள் நவநாள் எல்லாம் சேர்ந்து நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே கோயில்கள் எல்லாம் மெசைமீரில் ஒரே வளாகத்துக்குள். 2008-இல் திறந்த செபமாலை மாதா கோயிலும் அங்கேதான். வெளியே சிலுவை தெரியாது, மணியும் கிடையாது. வெள்ளிதான் விடுமுறை, அதனால் ஞாயிற்றுக் கூட்டம் வெள்ளிப் பூசைக்கு வரும். கேம்ப் தூரமாக இருந்தால் அதுவும் எல்லா வாரமும் நடக்காது. மிச்ச நாள் செபமெல்லாம் அடுக்குக் கட்டிலில்தான்.

உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துச் செபி என்று மத்தேயு 6:6 சொல்கிறது. ஆறு பேர் கிடக்கிற அறையில் கட்டிலைச் சுற்றிக் கட்டிய துணிதான் கதவு. நேரத்தைக் குறிக்கும்போது பக்தியைவிட டியூட்டியைப் பார்க்க வேண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து 3:30 வரை வெயிலில் வேலை கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் அந்த மாதங்களில் வேலை இருட்டோடே தொடங்கிவிடும். அப்போது காலைச் செபம் என்று பிடிவாதம் பிடித்தால் தூக்கமும் போகும், செபமும் போகும். பஸ்ஸில் போகிற நேரமே நல்லது. மணிக்குப் பதிலாகப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற வாங்கு இருக்கிறது: ஒரு நாளின் ஐந்தில் மூன்று, விடியலும் உச்சியும் அந்தியும், மாதாவை நினைத்து நாம் சொல்கிற மூவேளை செபத்துக்கு ஏறக்குறைய ஒத்து வரும். அதைக் கேட்டதும் மனசுக்குள் சொல்லிவிடலாம். உனக்கு ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்.

இனி எப்படி என்பது. சொந்த செபம் என்றால் சொந்த வார்த்தை வேண்டும் என்று நினைப்பதில்தான் பலரும் தட்டிப்போகிறார்கள். இரண்டு நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துவிடும், பிறகு விண்ணப்பப் பட்டியல்தான். மனப்பாடமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கு. 1544-இல் நம்ம கரைக்கு வந்த புனித சவேரியார் கையில் மணியோடு தெருவில் போய் ஆட்களைக் கூட்டி, தமிழில் இந்தச் செபங்களைத்தான் மனப்பாடம் செய்வித்தார். அவருடைய தோழரும் இயேசு சபையைத் தொடங்கியவருமான இஞ்ஞாசியார் எழுதி வைத்த முறைகள் மனப்பாடச் செபத்திலேயே ஆழம் தேட வழி காட்டுகின்றன.

முதலில், செபிக்கிற இடத்துக்கு ஒன்றிரண்டு அடி முன்னே ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்கிற நேரம் நில். கடவுள் உன்னைப் பார்க்கிறார் என்று நினை. பிறகு உட்கார்ந்து கண்ணை மூடு, அல்லது ஒரே இடத்தில் வை. ஒரு மூச்சுக்கு ஒரு சொல்: "விண்ணுலகில்" ஒன்று, "எங்கள் தந்தையே" ஒன்று. இன்னொரு முறையில் ஏதாவது ஒரு சொல்லில் மனசு நின்றால் அங்கேயே இருக்கலாம். நேரம் முடியும்போது மீதியைச் சாதாரணமாகச் சொல்லி முடிக்கலாம். பத்து நிமிஷம் போதும். தவக்காலத்தில் ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்கிறவர்கள் குருத்து ஞாயிறு வரை தாக்குப்பிடிப்பது அபூர்வம். வறட்சியாக இருக்கிற நாளில் நேரத்தைக் குறைக்காதே, கொஞ்சம் கூட்டு என்கிறார் இஞ்ஞாசியார். பத்து என்று வைத்தால் பதினொன்று இரு. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சலிப்பு வந்ததும் எழுந்துவிடுகிற பழக்கத்தை இது நேராகப் பிடிக்கிறது.

இரவு ஆன்ம சோதனை: நன்றி, வெளிச்சம் கேட்பது, நாளைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். ஐந்து நிமிஷம். படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவதிலேயே தூக்கம் வரும். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து செய். நன்றியைத் தாண்டிக் குதித்துப் பாவத்துக்குப் போகிறவர்கள் தங்களைத் தாங்களே திட்டுவதிலேயே முடிப்பார்கள். "எல்லா நன்மைகளுக்கும்" என்று பொதுவாகவும் சொல்லாதே. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பக்கத்துக் கட்டில்காரன் குழம்பு கொடுத்தான், அப்படிச் சொல்.

கோபமும் ஏக்கமும் இருந்தால் அதை ஒளித்துவைக்க வேண்டாம். வேதத்தில் திருப்பாடல் (சங்கீதம்) 13-ஐ எடு. 88 இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான். தூங்கப் போகும்போது 4-ஆம் பாடல். ஒரு வாரத்துக்கு ஒரே பாடல், தினமும். போனில் படிக்காதே, வாட்ஸ்அப் வந்தால் அத்தோடு சரி. புத்தகம் வைத்துக்கொள்ள வெட்கம் வேண்டாம் மக்களே, அவிலா தெரேசம்மாளே 18 வருஷம் புத்தகம் இல்லாமல் தனிச்செபத்துக்கு உட்காரத் துணிந்ததில்லை. அவரை 1970-இல் மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே போதிக்கிற ஆசிரியராக, அறிவித்தார்கள்.

உட்கார முடியாத ஆள் நடந்துகொண்டே செபமாலை சொல்லலாம். மனசு ஓடுகிறவள் எழுதலாம். உனக்கு எது என்று ஒரு மாதம் ஒன்றையே பிடித்தால்தான் தெரியும், வாரம் ஒன்றாக மாற்றினால் தெரியாது.

வீட்டில் ஏழு மணிச் செபமாலைக்கு இங்கே நாலரை. வீடியோ கால் போட்டால் சத்தம் பிந்தி வந்து இரண்டு பக்கமும் மோதும். சொல்கிறவர் மட்டும் மைக்கைத் திறந்துவைக்கட்டும், மற்றவர்கள் மியூட்டில் பதில் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை எனக்குக் கூப்பிடு. கோட்டாறு போனால் பெரிய எழுத்தில் திருப்பாடல் புத்தகம் கிடைக்கிறதா என்று பார். லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்