மணிலாவுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஊழியத்துக்கான அழைப்பு வந்துவிட்டது, பெங்களூரு மிஷன், பயிற்சி மட்டும் மணிலாவில் என்று உன் அம்மா சொன்னார்கள். மனம் நிறைந்த வாழ்த்துகள். மிஷனரிகளின் பாடநூலான 'பிரீச் மை காஸ்பல்' புத்தகத்தின் முதல் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்க ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருக்கிறாயாம். பாடத்தைப் படி, நன்றாகப் படி. ஆனால் ஒப்பிக்கப் படிக்காதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் பையன்கள் 18 வயதிலிருந்து 24 மாதம் முழுநேர மிஷனரியாகப் போகலாம். போவதற்கு முன் சில வாரம் பயிற்சி. ஆங்கிலத்திலேயே ஊழியம் செய்கிறவர்களுக்குக் குறைவு, புது மொழி கற்க வேண்டியவர்களுக்கு அதிகம். ஆரம்பப் பகுதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்துவிட்டு, மீதிக்கு மையத்துக்குப் போக வேண்டும். மணிலா மையம் கெசோன் சிட்டியில், 1984-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்துக்கு எதிரே இருக்கிறது.

போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே உன்னையும், ஊழியத்தில் உனக்கு ஜோடியாகப் போடப்படும் உன் கம்பானியனையும் ஓர் அறைக்குள் அனுப்பிப் பாடம் நடத்தச் சொல்வார்கள். எதிரே இருப்பவர் பெரும்பாலும் உங்கள் ஆசிரியர்தான், சபையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவராக நடிப்பார். இந்த முதல் பாடம் பலருக்கு ஒரே மாதிரிதான் கெடுகிறது. போன வருஷம் தாயைப் பறிகொடுத்த ஒரு பெண்ணாக ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள். நீங்கள் ஜெபம் செய்து ஆரம்பிக்கிறீர்கள். பரலோகப் பிதா, தீர்க்கதரிசிகள், விசுவாசத் துரோகம் (ஆதி சபை வழிதவறியது) என்று வரிசை தப்பாமல் போய் 1820-இல் நம் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கண்ட தரிசனத்துக்கு வருகிறீர்கள். அந்த இடத்தில் அவர், "அப்படியென்றால் என் அம்மா இப்போது எங்கே?" என்று கேட்கிறார். மனப்பாடம் செய்துவந்த பையனுக்குத் தூக்கிவாரிப் போடும். "அது அடுத்த பாடத்தில் வரும், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு விட்ட வரியைப் பிடிக்கப் பார்ப்பான். பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறாது.

அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்து. அம்மாவைப் பற்றி அவர் இரண்டு வார்த்தை சொல்லட்டும். மரணத்துக்குப் பின் என்ன என்று சொல்லும் 'இரட்சிப்பின் திட்டம்' இரண்டாம் பாடம்தான், அதனால் என்ன? அதை முதல் நாளே எடுக்கலாம். பாடங்களின் வரிசையைக் கேட்பவரின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள அந்தப் புத்தகமே இடம் தருகிறது. அதனால் ஒவ்வொரு கோட்பாட்டையும் தனித்தனியாக, 3 முதல் 5 நிமிடத்துக்குள், உன் சொந்த வார்த்தையில், ஒரே ஒரு வசனத்தோடு சொல்லிப் பழகு. எந்த இடத்தில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். வேதவசனத்தை மட்டும் மனப்பாடம் செய், அது வீண்போகாது.

இருவரும் மாறி மாறிப் பேச வேண்டும் என்பதில் இன்னொரு சிக்கல் வரும். கம்பானியன் பேசும்போது தன் முறைக்கு என்ன சொல்வது என்று மற்றவன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான். எதிரே இருப்பவருக்கு அது உடனே தெரியும். உன் முறை இல்லாதபோது அவர் முகத்தைப் பார். எங்கே புருவம் சுருங்கியது, எங்கே தலையசைத்தார் என்பதைக் கம்பானியனைவிட நீதான் தெளிவாகப் பார்க்க முடியும்.

கடைசியில் அழைப்பு விடுக்க வேண்டும். "நேரம் கிடைத்தால் வாசித்துப் பாருங்கள்" என்பது அழைப்பே இல்லை. "மார்மன் புஸ்தகத்தில் 3 நேபி 11-ஆம் அதிகாரத்தை வியாழக்கிழமைக்குள் வாசிப்பீர்களா? அன்று மாலை 6 மணிக்குக் கூப்பிட்டு என்ன தோன்றியது என்று கேட்கிறோம்" என்று சொல். சொன்னால் கூப்பிட்டாக வேண்டும், நடிப்புப் பாடமானாலும் சரி. அறையை விட்டு வந்த பத்து நிமிடத்துக்குள் மூன்று விஷயம் நோட்டில் எழுது: அவர் என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், எதற்குச் சம்மதித்தார். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு எழுதலாம் என்று விட்டால் அவர் சொன்னது மறந்து, நீ சொன்னது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படாதே. பிலிப்பைன்ஸ், மங்கோலியா, கம்போடியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் வருவார்கள், பலருக்கும் அது இரண்டாம் மொழிதான். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. ஜெபத்தில் மட்டும் பழைய பைபிள் ஆங்கிலத்தின் 'தீ' (thee), 'தை' (thy) வரும், இப்போதிருந்தே தினமும் ஒரு ஜெபம் அப்படிச் செய்து பழகு. ஒன்று மறந்துவிடாதே. கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ உன்னை அனுப்பினால் வீட்டுத் திண்ணையில் தமிழில்தான் பேசப்போகிறாய். மணிலாவில் உன் தமிழைத் திருத்த ஆள் கிடைப்பது அரிது. வாரத்தில் இரண்டு நாளாவது அதே பாடத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார். இதைச் செய்யாமல் வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பியதும் பாதி வாக்கியத்தில் தடுமாறுகிறார்கள்.

கம்பானியனை நீ தேர்ந்தெடுக்க முடியாது. அவரை விட்டு, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் போகவும் கூடாது. சண்டை பெரிய விஷயத்தில் வராது. அலாரத்தை மூன்று தடவை அணைப்பது, குளிக்க நேரம் எடுப்பது, பாடத்தில் குறுக்கே பேசுவது, இவைதான். வாரத் திட்டமிடலின் முடிவில் இருவரும் மனம்விட்டுப் பேச ஒரு நேரம் உண்டு. நம் பையன்கள் அங்கே "ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள், பிறகு இரண்டு நாள் முகம் தூக்கிவைத்திருப்பார்கள். ஒரு குறையைச் சொல், அதற்கு முன் அவர் செய்த ஒரு நல்லதைச் சொல்.

உடம்பைப் பற்றி. மணிலா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. காலை 6:30-க்கு எழ வேண்டும் என்றால் நம் ஊரில் அப்போது விடிகாலை 4 மணி. இரவு 10:30-க்கு விளக்கணைக்கும்போது இங்கே 8 மணிதான், தூக்கம் வராது. புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே தினம் அரை மணி முன்னதாகப் படுத்து எழு. சோறு தாராளமாகக் கிடைக்கும், காரம்தான் இருக்காது. வினிகரும் சோயா சாஸும் தூக்கலாக இருக்கும், பன்றி இறைச்சி அடிக்கடி வரும். சாப்பிடாதது ஏதாவது இருந்தால் முதல் நாளே சமையலறையில் சொல்லிவிடு. அங்கே தட்டையான இரண்டு பின் பிளக், மின்சாரம் 220 வோல்ட். உன் போன் சார்ஜருக்கு அடாப்டர் ஒன்று போதும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். விமானம் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் 'ஈ-டிராவல்' தளத்தில் பதிந்து, க்யூ.ஆர். கோடைப் போனில் சேமித்துக்கொள். புது ஷூவை வீட்டிலேயே போட்டு நடந்து பழக்கிவிடு, அங்கே போய்க் கால் கடித்தால் வகுப்பில் கவனம் நிற்காது.

வீட்டு நினைவு முதல் நாளை விட, பரபரப்பு அடங்கிய பிறகுதான் வாட்டும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரத்தில் ஒரு நாள், 'பிரிபரேஷன் டே' எனப்படும் ஆயத்த நாளில், வீட்டோடு போனிலோ வீடியோவிலோ பேச அனுமதி இருக்கிறது. எந்த நேரம் என்று அம்மாவிடம் இந்திய நேரத்தில் சொல்லி வை. அவர்கள் அழுதால் நீயும் அழுவாய், அதில் தப்பில்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு மூன்று நாள் கெட்டுப்போனால் மட்டும் சும்மா இருக்காதே, அங்கே உங்களைக் கவனித்துக்கொள்ளும் கிளைத் தலைவரிடம் போய்ச் சொல். உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மறைத்தால் சிக்கல் பெரிதாகும்.

பாடம் முடிந்ததும் எழுதச் சொன்னேனே, அந்த நோட்டைத் திரும்பும்போது பெரிய பெட்டிக்குள் போடாதே, கைப்பையில் வை. பெங்களூருவில் உன் முதல் டிரெயினரிடம் அதைக் காட்டு. அடுத்த 12 வாரப் பயிற்சியை உன்னோடு எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்