மைக்கை அணைக்கச் சம்மதியுங்கள்: கட்சித் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசியல் கட்சித் தலைமைகளுக்கு,

வணக்கம். எந்தக் கட்சியையும் பெயர் சொல்லி எழுதவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் எந்தச் செய்தி சேனலைத் திருப்பினாலும் உங்கள் எல்லோருடைய ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் நடந்துகொள்ளும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. "வெளுத்து வாங்கினார்" என்று தலைப்புப் போட்டு அந்தத் துண்டு வீடியோக்களை மறுநாள் பரப்புவது உங்கள் ஐ.டி. விங்தான்.

அண்மையில் ஒரு தேர்தல் விவாதம். டெல்டாவில் நெல் கொள்முதல் பற்றியது. விவசாயிகள் சார்பில் ஒரு பெண் வந்திருந்தார். "மழையில நனைஞ்ச நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம்னு கணக்குப் பார்த்தா..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு கட்சிக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிரில் இருந்தவரை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டி, "நீங்க ஆட்சியில இருந்தப்போ என்ன கிழிச்சீங்க?" என்றார். எதிரில் இருந்தவர் பதிலுக்கு ஒரு காகிதத்தை கேமராவுக்கு நேரே ஆட்டினார். மூன்றாமவர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு முறை வாயைத் திறந்தார், மூடினார். பிறகு நெறியாளர் இடைவேளை விட்டுவிட்டார்.

என் அம்மாவுக்குக் காது கேட்பது குறைவு. காது மெஷின் மாட்டிக்கொண்டுதான் டிவி முன்னால் உட்காருவார். ஒருவர் நிதானமாகப் பேசினால் எல்லாம் விளங்கும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அந்த மெஷினுக்குப் பிரித்துக் காட்டத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் பெருக்கிக் காதுக்குள் கொட்டும். நான்கு பேர் கத்தத் தொடங்கினால் வலி தாங்காமல் கழற்றி மடியில் வைத்துவிடுவார். அதன்பின் அவருக்குக் கிடைப்பது உங்கள் ஆட்களின் முகமும் கையும் மட்டும்தான். அதை அவர் நன்றாகவே படிக்கிறார். யார் உதட்டைச் சுழிக்கிறார், யார் பக்கத்து ஆளைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கிறார், பெண் பேசும்போது மட்டும் யார் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படுகிறது. அன்றைக்கு என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணு என்னதான் கேட்டுச்சு?" நல்ல காது உள்ள என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டு நெல்லும் அரசு கொள்முதல் நிலையத்துக்குத்தான் போகிறது. அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் எங்களுக்குத் தேவைப்பட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் பேசும் முறை வரும்போது மற்றவர்களின் மைக்கை அணைக்க எல்லாக் கட்சிகளும் சம்மதியுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் டிரம்பும் பைடனும் மோதிய முதல் விவாதம் குறுக்குப் பேச்சிலேயே நாசமானது. அடுத்த மாதம் நடந்த கடைசி விவாதத்தில், ஒருவர் தன் இரண்டு நிமிடத் தொடக்கப் பதிலைச் சொல்லும்போது மற்றவரின் மைக்கை அணைத்தார்கள். 2024 ஜூனில் அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில் தன் முறை இல்லாதவரின் மைக் முழுக்கவே அணைந்திருந்தது. அதனால் அங்கே அரசியல் தூய்மையாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. யார் என்ன சொன்னார் என்பதாவது காதில் விழுந்தது. அதே நாட்டில் 1992இல், வாக்காளர் ஒருவர் பொருளாதாரக் கஷ்டம் பற்றிக் கேட்ட நேரத்தில் அதிபர் புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் கழித்தும் அதைப் பேசுகிறார்கள். நம் ஊரில் அதைவிட மோசமானதை தினமும் பார்க்கிறோம், மறுநாள் அதே ஆள் அதே நாற்காலியில் வந்து உட்காருகிறார்.

கட்டுப்படுத்த வேண்டியது நெறியாளர் என்பீர்கள். அவர் குரலை உயர்த்தினால் "ஒருதலைப்பட்சம்" என்று சேனலையே புறக்கணிப்பதும் நீங்கள்தானே? சேனல்களுக்கும் சண்டைதான் வேண்டியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆளை அனுப்புவது நீங்கள். அடக்கமாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் உங்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அவர்களை ஏன் அனுப்புவதில்லை?

தலைவர்களாகிய நீங்களோ வருவதே இல்லை. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்குர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் பிரதமர் மோடியையும் ராகுல் காந்தியையும் ஒரே மேடைக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் வருவதாகச் சொன்னார், விவாதம் நடக்கவில்லை. இங்கேயும் முதல்வர் பதவிக்குப் போட்டியிடுபவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து மக்கள் முன் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. பிரசார வேன் மேலிருந்து பேசுகிறீர்கள். அங்கே உங்களைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. அதனால்தான் உங்கள் சார்பில் வருபவர்களின் நடத்தையை வைத்தே உங்களை எடைபோட வேண்டியிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர்கள் விவாதத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு, அடுத்த தேர்தல் விவாதத்துக்கு ஆள் அனுப்பும் முன் சேனல்களுக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள்: முறை வராதவரின் மைக்கை அணைக்கலாம், எங்கள் ஆளுடையதையும் சேர்த்து. விருந்தினராக வரும் விவசாயியோ ஆசிரியரோ கேள்வியை முடிக்கும்வரை யாரும் குறுக்கிட மாட்டோம் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். முதலில் எந்தக் கட்சி கொடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்