பூமியை இடிக்க ஒரு நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக் கதையெல்லாம் நம் மண்ணுக்கு ஒட்டாது என்று போன ஞாயிறு இணைப்பில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' நாவலை ஒருமுறை சேலத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.

கதை ஆரம்பிப்பதே ஒரு பைபாஸ் ரோடு போடும் விவகாரத்தில்தான். வீட்டை இடிக்கப் புல்டோசர் வந்து நிற்கிறது, ஆர்தர் டென்ட் என்ற அப்பாவி அதன் முன்னால் சேற்றில் படுத்துக்கொள்கிறான். பிளானை ஒன்பது மாசமாகப் பார்வைக்கு வைத்திருந்தோமே, அப்போதே ஆட்சேபம் சொல்லியிருக்கலாமே என்கிறார் வந்த ஆள். எங்கே வைத்திருந்தார்களாம்? விளக்கும் படியும் இல்லாத நிலவறையில், யாரும் புழங்காத கக்கூசுக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில். கதவில் 'சிறுத்தை ஜாக்கிரதை' என்று போர்டு வேறு. அப்புறம் வோகான்கள் என்ற வேற்றுகிரகத்து அதிகாரிகள் வந்து, விண்வெளியில் பைபாஸ் போடவேண்டும் என்று பூமியையே இடிக்கிறார்கள், கேட்டால் அவர்களும் அதே பாட்டுத்தான்: நோட்டீஸ் 50 வருஷமாக ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்தில் இருக்கிறது, நாலு ஒளியாண்டு தூரம்தானே, போய்ப் பார்ப்பதற்கென்ன!

2018-ல் எட்டு வழிச்சாலைக்காக வயலுக்குள் அளவுக்கல் நட்டதைப் பார்த்தவர்களுக்கு இது எந்தக் கிரகத்துக் கதை என்று விளக்கவா வேண்டும்?

1978-ல் பி.பி.சி. வானொலி நாடகமாக வந்து, மறு வருஷம் நாவலானது இது. ஆடம்ஸ் கெடு தாண்டுவதில் பேர்போனவர். நாலாவது நாவலை வாங்குவதற்குள் பதிப்பாளர் ஹோட்டல் அறையில் கூடவே தங்கிக் காவல் காக்க வேண்டியதாயிற்று (தொடர்கதை போட்ட உங்களுக்கு இந்தப் பாடு தெரியாததல்ல). 2001-ல், 49 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் மே 25-ந் தேதி ரசிகர்கள் அவர் நினைவாகத் துண்டோடு நடமாடுகிறார்கள், விண்வெளிப் பயணிக்குத் துண்டைவிட உபயோகமான பொருள் கிடையாது என்று அவர் எழுதிவைத்ததால். தோளில் துண்டில்லாமல் வாசப்படி தாண்டாத எங்கள் அம்மாப்பேட்டைப் பெரியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

நமக்கும் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற குறும்புக்கார ரோபோ நாயைக் கொடுத்தார், வாராவாரம் காத்திருந்து படித்தோம். ஆடம்ஸின் ரோபோ மார்வின் ஜீனோவுக்கு நேரெதிர், சதா புலம்பல். எனக்கென்னவோ ஜீனோதான் ஒரு படி மேல்.

அதுபோல ஒரு விண்வெளி நகைச்சுவைத் தொடரை ஞாயிறு இணைப்பில் புதியவர் யாரையாவது எழுதச் சொல்லுங்களேன். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ராசிபலனுக்கு முழுப் பக்கம் ஒதுக்கி வாராவாரம் ஒன்பது கிரகத்தையும் சுற்றிக் காட்டுகிறீர்கள், அதில் அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.