பாறையில் பெயர் எழுதும் முன்: மலையேற்றக் குழுத் தலைவர்களுக்கு ஒரு மடல்

இமயமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் குழுத் தலைவர்களுக்கு, வணக்கம்.

போன முறை, கங்கோத்ரிப் பனியாறு முடியும் இடமான கோமுகம் போகும் வழியில், எங்களோடு வந்த ஒருவர் பைக் சாவியால் ஒரு பெரிய பாறையைச் சுரண்டித் தன் பெயரின் முதலெழுத்தைப் பதித்தார். மஞ்சள்பச்சைப் பொடி உதிர்ந்தது. "வெறும் பாசிதானே" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அது ஒரு லைக்கன். ரைசோகார்பன் ஜியாகிராஃபிகம் என்று பெயர். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் அப்படித்தான். ஒவ்வொரு திட்டுக்கும் மையால் இழுத்த மாதிரி கறுப்பு ஓரம் இருக்கும். நாலைந்து திட்டுகள் முட்டிக்கொள்ளும் இடம் அச்சு அசல் மாவட்டப் படம்தான். குனிந்து பார்த்தால் மஞ்சளுக்கு நடுவே மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

இது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வரவே கால் நூற்றாண்டு தாண்டிவிடும். பனியாறு பின்வாங்கி, பாறை வெளியே தெரிந்த பிறகுதான் அதன்மேல் இது குடியேறும். அதனால் அங்கிருப்பதிலேயே பெரிய திட்டை அளந்தால், பனி எப்போது விலகியது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். 1950-ல் ரோலண்ட் பெஷல் என்ற தாவரவியலாளர் ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிவைத்த முறை இது. கங்கோத்ரிப் பக்கமும் இப்படி அளந்திருக்கிறார்கள். கவனியுங்கள், கணக்குக்கு வேண்டியது பெரிய திட்டு. நம் ஆட்கள் கை வைப்பதும் வழியோரத்துப் பெரிய பாறையில்தான்.

2005-ல் இதே லைக்கனை ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் ஏற்றி, இரண்டு வாரம் காற்றில்லாத வெளியில் திறந்துவைத்தார்கள். திரும்பி வந்ததும் பழையபடி ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிட்டது. பைக் சாவிக்கு அது தாங்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வழிகாட்ட அம்புக்குறி போட்டே ஆகவேண்டும் என்றால் லைக்கன் இல்லாத கல்லாகப் பாருங்கள். அப்புறம், போட்டோவுக்காகக் கல்மேல் கல் அடுக்குவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் பார்த்த பக்கம் கவிழ்ந்தால் அதிலுள்ள லைக்கன் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். இதைப் பலர் தப்பாகவே நினைப்பதில்லை.

எங்கள் சாவிக்காரர் அடுத்த சீசனுக்கும் ஷூ வாங்கிவைத்திருக்கிறார். உங்களில் யாரோடு வருவாரோ தெரியாது. கிளம்பும் அன்று காலை, டீ குடிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்று பேசாமல் நின்றவன்