கொப்பியில் எழுதாத சாமான்

பொகவந்தலாவை
18.05.2025

அன்பின் நண்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத இடமே வைக்கவில்லை நீ. கடிதம் முழுக்கப் புலம்பல்தான். இருபதாம் திகதிக்கு முன்னாலேயே சம்பளம் தீர்ந்துவிடுகிறது, தேங்காய் 200 ரூபாய், வாடகை, வேன் காசு... இவரிடம் வாசித்துக் காட்டினேன். "கொழும்புக்குப் பக்கத்தில, வத்தளையில இருக்கிறவளே இப்படி அழுகிறா" என்றேன். பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல், "நீயும் ஒண்ணு எழுதிப் போடு, போட்டிக்கு" என்றார்.

போனில் பேசாமல் எழுதுவது ரீலோட் காசை மிச்சம் பிடிக்க இல்லை. போன் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய். இன்றைக்கு ஞாயிறு, வெளியே விடாத மழை, கொடியில் கிடக்கும் துணி மூன்று நாளாகக் காயவில்லை. எழுத நேரம் இருக்கிறது.

எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். 2022இல் காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதே, அப்போது மகளின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் செலவு எழுதத் தொடங்கினேன். எல்லாவற்றையும் தேங்காய்தான் தின்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டாம் பாலோடு நிறுத்தாமல் மூன்றாம் பாலும் பிழிந்து, பிழிந்த தேங்காய்ப் பூவை ரொட்டி மாவில் போட்டுப் பிசைந்து, ஒரு தேங்காயை இரண்டு நாள் இழுத்தேன். மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால் தேங்காயை விட ஓட்டோவுக்கு அதிகம் போயிருந்தது! பஸ்ஸை விட்டுவிட்டு, கையில் பை கனக்கிறது என்று டவுனிலிருந்து ஓட்டோ பிடித்தது, மழை என்று பிடித்தது, ஒரு தடவை மாமியாரின் மாத்திரை வாங்க மறந்து திரும்பப் போனது. மறதிக்கும் ஒரு விலை இருக்கிறதடி. இப்போது டவுனுக்குப் போகும்போது கையில் துண்டு எழுதிக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் நிலைமையை மாற்றியது அது இல்லை. கடையில் கடன் எழுதும் கொப்பிதான். உனக்கு ஞாபகம் இருக்கும், நம் அம்மாமார் பத்தாம் திகதி தேயிலைத் தோட்டத்துச் சம்பளம் வாங்கியதும் நேரே போய் நிற்கும் இடம். பழைய கணக்கை அடைத்துவிட்டு, அதே கையோடு புதுப் பக்கத்தில் எழுதி சாமான் வாங்கி வருவார்கள். நானும் பதினெட்டு வருஷம் அப்படித்தான் வாங்கினேன். ஒருநாள் முன்னால் நின்ற பெரியவர் கையில் காசு கொடுத்து அரிசி வாங்கினார். அதே அரிசி எனக்குக் கொப்பியில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட. முதலாளியைக் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது? அவரும் ஒரு மாதம் காத்திருக்கிறவர்தானே. அது போக, கொப்பியில் வாங்குகிறவள் விலை கேட்கமாட்டாள். "எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். கையில் காசு இல்லாதவள்தான் கூடுதலாகக் கொடுக்கிறாள். சில்லறையாக வாங்குகிற சீனி 100 கிராம், ஷம்பு பக்கெட் ஒன்று, எண்ணெய் கால் போத்தல், எல்லாமே அப்படித்தான்.

அதிலிருந்து வெளியே வர ஒரு மாதச் சாமானுக்கான காசு மொத்தமாகக் கையில் வேண்டும். அந்த ஒரு மாதம்தான் நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை. 2023இல் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டோம். ஆளுக்கு மாதம் 5,000. எல்லோரும் முன் நம்பருக்கு அடித்துக்கொள்ள, நான் ஒன்பதாவதைக் கேட்டு வாங்கினேன். பைத்தியம் என்றார்கள். முன்னால் எடுத்தால் மிக்ஸி வாங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். 50,000 கைக்கு வந்த அன்றைக்கே கடைக் கணக்கை முழுசாக அடைத்தேன். மிச்சத்தில் அரிசி ஒரு மூட்டை, மா, பருப்பு, சீனி. அடுத்த சம்பளம் வந்தபோது யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. முதலாளி கொப்பியைத் திருப்பி, என் பக்கத்தில் கோணலாக ஒரு கோடு போட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லிக் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார். சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கெட்டிக்காரி போல எழுதுகிறேன், நான் விழுந்த பள்ளத்தையும் கேள். 2019இல் மகள் பெரியவளானாள். ஹோல் எடுத்துத்தான் சடங்கு செய்ய வேண்டும் என்று இவருடைய அக்காமார் பிடிவாதமாக நின்றார்கள். கிழமைக் கடன் எடுத்தேன். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. 50,000க்கு கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை, மொத்தம் 65,000. நூற்றுக்கு 30 வட்டி, பரவாயில்லை என்று கையெழுத்து வைத்தேன். ஏ.எல். கொமர்ஸ் படிக்கிற அதே மகள் போன வருஷம் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். "அம்மா, 26 கிழமையில பாதி முதலைக் கட்டிட்டீங்க. அப்ப உங்க கையில இருந்தது அவங்க காசு 25,000தான். ஆனா வட்டி கடைசி வரைக்கும் 50,000க்கு. அப்படிப் பார்த்தா 30 இல்ல, 50க்கும் மேல." எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வட்டியை விடு. வியாழக்கிழமை பின்னேரம் வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டுத் திண்ணையில் கொப்பியை விரித்து உட்கார்ந்தால், ஐந்து பேர் காசும் சேரும் வரைக்கும் வசூலுக்கு வரும் அந்தத் தம்பி எழும்பமாட்டான். எங்களில் ஒருத்தி ஓர் இரவில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். பதினொரு கிழமை அவள் பங்கையும் நாங்கள் நாலு பேர் கட்டினோம். அவள் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. சடங்கு வீடியோவை இதுவரை இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்.

கரண்ட் பில் பற்றிக் கேட்டாயே. 60 யூனிட்டைத் தாண்டாதே, அவ்வளவுதான். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, நிலையான கட்டணமும் கூடும். எங்கள் வீட்டில் 45க்குள் இருந்தது. இவர் குளிருக்குத் தண்ணீர் சுடவைக்க 1,000 வாட் கம்பி ஒன்று வாங்கி வந்தார். நாலு பேருக்கும் கால் மணித்தியாலம் வீதம் போட்டால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட், மாதத்துக்கு முப்பது. பில்லைப் பார்த்துவிட்டு அவரே கம்பியைச் சுருட்டிப் பரணில் போட்டார். இப்போது கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து மிலாறு விறகு கட்டிக்கொண்டு வருகிறோம். ஆனால் புகை சும்மா விடுவதில்லை, மாமியாருக்கு இருமல் கூடிவிட்டது. அவருக்கு மட்டும் காஸில் சுடவைக்கிறேன்.

சிக்கனத்தில் எனக்குப் பிடிக்காத பக்கமும் இருக்கிறது. காம்பராவில் மாதாமாதம் பிள்ளைகளின் நிறை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பது என் வேலை. 2022 கடைசியில் அந்தக் கோடுகள் ஏறாமல் படுத்துக்கிடந்தன. சில பிள்ளைகளுக்குக் கீழே இறங்கின. தாய்மார் ஊதாரிகள் இல்லை. முட்டையை நிறுத்தினார்கள், பால்மாவை நிறுத்தினார்கள், வெறும் பிளேன்டீயும் ரொட்டியும் கொடுத்தார்கள். நானும் என் பிள்ளைக்கு அதைத்தான் செய்தேன். இப்போது என் செலவுக் கொப்பியில் முட்டைக் கணக்கை மட்டும் கூட்டிப் பார்ப்பதில்லை. எழுதுகிறேன், கூட்டுவதில்லை.

சேமிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆன பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறோம். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு 12. கேட்காமலே பிடித்துக்கொள்வதால் அது மட்டும் தப்பிக்கிறது. கையில் கொடுத்திருந்தால் இவருடைய அக்காமாருக்கு இன்னொரு ஹோல்.

ஆடித் திருவிழாவுக்கு வா. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வா, ஓட்டோ பிடிக்காதே. வரும்போது ஒரு தேங்காய் கொண்டு வா, அங்கே இரண்டு ரூபாய் குறைவாக இருந்தாலும் லாபம்தான். அப்புறம், ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கன்டீனில் பணிஸ் வாங்க என்னிடம் வாங்கிய ஐந்து ரூபாயை நீ இன்னும் தரவில்லை. வட்டி கேட்கமாட்டேன். அந்த வியாழக்கிழமைத் தம்பியின் கணக்கில் போட்டால் வத்தளையையே விற்றாலும் தீராது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி